யார் ‘வாங்க’ என்று சொல்வது

அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று முக்கால் மணி நேரம் வாசற்படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று நானும் நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன். அவளுக்காகக் கலந்து வைத்த காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் அசையவில்லை.

"ஏன்க்கா, படி ஏற முடியலையா? தூக்கிவிடச் சொல்லவா?"

"ஏறுவேன். வீட்டுக்காரவுக இன்னும் வாங்கன்னு சொல்லலையே."

"நான் சொல்லிக்கிட்டே இருக்கேனே!"

"இது ஒங்க வீடா நர்சம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுபதுகளின் கடைசியில் நடந்த பேச்சு இது. இன்றைக்கும் யார் வீட்டு வாசலில் நின்றாலும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

அது என் வீடு இல்லைதான். போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில், ஒரு ஏலக்காய் வியாபாரி எழுதிக் கொடுத்த ஓட்டு வீடு. உடம்பாலோ மனசாலோ தனியாக வாழ முடியாத, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்ட நாலு பேர் அதில் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லோருக்கும் முப்பது தாண்டியிருந்தது. ஒரு அறையில் கருப்பையாவும், காது கேளாத வாய் பேசாத இன்னொருவரும். கருப்பையாவுக்குக் கை கால் ஓயாமல் ஆடும். பேச்சு இழுத்து இழுத்து வரும். இன்னொரு அறையில் கண் தெரியாத பேச்சியும், முத்தம்மாவும். முத்தம்மா மேலே தோட்டத்தில் வேலை பார்த்தவர்களின் மகள். உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை என்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் நர்சாக இருந்து, மலைக் குளிர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் கீழே இறங்கி வந்தவள். நாலு பேரையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். வீட்டை நான் வைத்திருந்த சுத்தத்தைப் பற்றி எனக்கு நிறையவே கர்வம் உண்டு. வீட்டை நடத்திய கமிட்டிக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு, "நல்லா வச்சிருக்கம்மா" என்று சொல்லிப் போவார்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஆறு மாதம் ஓடும்.

கமிட்டியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கை கால் நன்றாக இருக்கிற நாம் பார்ப்பது போதாது, அப்படி வாழ்ந்து பழகின ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று அவர்தான் இந்த அக்காவை அனுப்பினார். போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில், தரம் பிரித்துக் காய் பொறுக்குகிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப் போயிருந்தன. பழைய டயரை வெட்டித் தைத்த உறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி இடுப்பை நகர்த்தி நகர்த்தி வருவாள். கிட்டங்கியில் முதலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் அக்காதான். பெயர் எனக்குத் தெரியும். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

வாசலில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கக் கருப்பையா வந்தான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, உள்ள வரலாமா?" என்றாள்.

கருப்பையா என் முகத்தைப் பார்த்தான்.

அவன் பார்த்ததை அக்கா பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் அவன் "வா... வாங்க" என்று இழுத்தான். அக்கா ஒரே மூச்சில் மூன்று படியும் ஏறி உள்ளே வந்துவிட்டாள்.

காலையில் குரங்கணிக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்பு அவளை எங்கள் வாசலில் இறக்கிவிடும். சாயங்காலம் அதே ஜீப்பு திரும்பும்போதுதான் அவள் போக முடியும். அதனால் மற்றவர்கள் அரை மணியில் பார்த்துவிட்டுப் போன வீட்டை அவள் பகல் முழுக்கப் பார்த்தாள். அதுவும் தரையிலிருந்து பார்த்தாள். நான் நின்றுகொண்டே பார்த்த வீடு அவள் கண்ணில் வேறு வீடாக இருந்திருக்கிறது.

தண்ணீர்ப் பானை மேடை மேல் இருந்தது. டம்ளர் அதற்கும் மேலே ஆணியில். "தாகமெடுத்தா யாரு எடுக்கறது?" என்றாள். முகம் பார்க்கும் கண்ணாடி என் உயரத்துக்கு மாட்டியிருந்தது. குள்ளமான முத்தம்மாவுக்கு அதில் உச்சி வகிடு மட்டும் தெரிந்திருக்கும். "இதுல மொகம் பாக்குறது நீங்க மட்டுந்தானா?" என்றாள். கடைசியில் குளியலறைக்குப் போனாள்.

"உள்தாழ்ப்பாள எங்க?"

"கழட்டிட்டேன்க்கா. உள்ள வழுக்கி விழுந்துட்டா யாரு தொறக்குறது?"

"நீங்க குளிக்கயில?"

"நான்... கதவச் சாத்திக்குவேன். யாரும் வரமாட்டாக."

"ஒங்களுக்கு யாரும் வரமாட்டாக. இவுக குளிக்கயில நீங்க வருவீக." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சுளகில் கிடக்கிற காயைப் பார்த்து, இது பச்சை, இது வெளுத்தது, இது வெடித்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஜீப்பு வரும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். "சுத்தமா இருக்கு. சோறு நல்லாருக்கு. ஒருத்தர் ஒடம்புலயும் புண்ணு இல்ல. ஆனா நாலு பேரும் ஒங்க வீட்டுல விருந்தாளியா இருக்காக நர்சம்மா. விருந்தாளி எத்தன வருசத்துக்குத்தான் கூச்சப்பட்டுக்கிட்டே திம்பாக?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரவு பகலாக மலம் அள்ளியிருக்கிறேன், வலிப்பு வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பகல் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இப்படி ஒரு பேச்சு பேசிவிட்டுப் போகிறாளே என்று அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொன்னதை டாக்டரம்மா எழுதிக் கமிட்டியில் வாசித்தார் என்று கேள்விப்பட்டபோது, இவளை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்த தடவைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பானையைக் கீழே இறக்கினேன். கண்ணாடியை இறக்கி மாட்டினேன். தச்சரைக் கூப்பிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு மரத் தாழ்ப்பாள் போட்டேன். அது வரைக்கும் சரி. அதோடு நில்லாமல், நாலு பேரையும் தினமும் சாயங்காலம் வரிசையாக நிறுத்தி, யார் வந்தாலும் "வாங்க" என்று சொல்லப் பழக்கினேன். பேசாதவருக்குக் கும்பிடச் சொல்லிக் கொடுத்தேன். முத்தம்மாவுக்கு மட்டும் இருபது நாள் ஆனது. அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்ததும் மூன்று பேர் ஒரே குரலில் "வாங்க!" என்றார்கள். நாலாமவர் கும்பிட்டார். நான் பெருமையாகப் பின்னால் நின்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "பள்ளிக்கூடமா நடத்துறீக?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நாய் எட்டிப் பார்த்தது. முத்தம்மா அதைப் பார்த்தும் "வாங்க" என்றாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அக்கா சிரிப்பை நிறுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவுக வாங்கன்னு சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு. அதச் சொல்லிக் குடுக்க முடியாது. நீங்க கேட்டுக் கேட்டுத்தான் அது வரணும். கேட்டுட்டு, சொன்னபடி நடக்கவும் செய்யணும்."

அவளை எனக்கு உடனே பிடித்துப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அதே நாள் மத்தியானம் அவள், "தம்பி, நீ எனக்கு டீ ஊத்திக் குடு" என்று கருப்பையாவைக் கேட்டாள். அடுப்புப் பக்கமே நான் அவனை விட்டதில்லை. வேண்டாம் என்று நான் ஓடி வருவதற்குள் ஆடுகிற கையோடு பாத்திரத்தைத் தூக்கிவிட்டான். பாதி டீ அவன் பாதத்தில் கொட்டியது.

"ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கத்தினேன்.

அக்கா என்னைக் கவனிக்கவில்லை. நகர்ந்து போய்ச் சொம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றிக்கொண்டே, "சுட்டுச்சா தம்பி?" என்றாள்.

"சு... சுட்டுச்சு."

"இன்னொருக்கா ஊத்துவியா?"

"ஊத்துவேன்."

அவள் டயர் உறையைக் கழற்றித் தன் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு தழும்பாக இருந்தது. "இம்புட்டும் நானே சோறாக்கிச் சுட்டுக்கிட்டது. எங்காத்தா என்னைய அடுப்புக்கிட்ட விடவே இல்ல. சண்ட போட்டுத்தான் போனேன். ஒண்ணு ரெண்டு தழும்புகூட இல்லாட்டி நான் என்னத்த வாழ்ந்தேன்?"

அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. அவள் செய்தது சரியா என்று இப்போது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. கருப்பையாவின் பாதத்தில் தழும்பு நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தது அவன்தான். பாதி டம்ளரிலும் பாதி தரையிலுமாக ஊற்றிவிட்டு, "குடிங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான்.

மழைக்காலத்தில் ஒரு தடவை அக்கா வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவள் வாசலுக்கு எதிரே கொய்யா மரத்தடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதறிப்போய் ஓடினேன்.

"என்னக்கா இது? கதவு தொறந்துதானே கெடக்கு?"

"முத்தம்மா இப்ப வேணாம்னுருச்சு. குளிக்கப் போகுதாம். குளிச்சுட்டு வந்து கூப்பிடுறேன்னு சொல்லுச்சு."

குளியலறைக்குள் மரத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அக்காவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. அரை மணி கழித்து முத்தம்மா ஈரத் தலையோடு வாசலுக்கு வந்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல், அக்காவைப் பார்த்து "வாங்க" என்றாள். அன்று சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது அக்கா சொன்னது இவ்வளவுதான்: "இந்தத் தடவ நல்லாருக்கு நர்சம்மா." கமிட்டிக்காரர்கள் ஆறு வருஷம் சொன்ன "நல்லா வச்சிருக்கம்மா" எல்லாம் அன்றைக்கு எனக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கமிட்டியில் பெரியவர் ஒருவர், தன் சொந்தத்தில் ஒரு பையனைக் கருப்பையாவின் அறையில் மூன்றாவது ஆளாகப் போட்டுவிடச் சொன்னார். கட்டில்கூட வந்து இறங்கிவிட்டது. அக்கா கமிட்டிக்கே போய்விட்டாள். "அந்த ரூம்ல படுக்குறவுககிட்ட கேட்டீகளா?" என்றாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "ஒங்க வீட்டுல, நீங்க படுக்குற ரூம்ல, ஒங்கள ஒரு வார்த்த கேக்காம யாரையாவது கொண்டாந்து போட்டா சிரிப்பீகளா?" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. வந்து கேட்டார்கள். கருப்பையா வேண்டாம் என்றான். கட்டில் திரும்பிப் போனது. அறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சம்மதிக்காமல் புது ஆளைச் சேர்ப்பதில்லை என்று அன்றைக்குக் கமிட்டி முடிவெடுத்தது. அக்கா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த சட்டம் அது.

பிறகு எண்பதுகளின் நடுவில் அக்கா வருவது நின்றது. நாற்பது வருஷமாகக் கையை ஊன்றி நடந்ததில் தோள்பட்டை இரண்டும் விட்டுப்போய்விட்டன என்றார் டாக்டரம்மா. நகர முடியவில்லை, காய் பொறுக்கவும் முடியவில்லை. அவளோடு இருந்த தாயாரும் தவறிவிட, தேவாரம் என்கிற ஊரில் விவசாயம் பார்க்கிற தம்பி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பஸ்சைப் பிடித்துப் பார்க்கப் போனேன்.

"வாங்க, வாங்க" என்று தம்பியும் அவர் பெண்டாட்டியும் வாய் நிறையக் கூப்பிட்டார்கள். மலையிலிருந்து யானை இறங்குகிற காலம். விடிய விடியக் காட்டுக் காவல் இருந்த கண்ணோடு தம்பி நின்றார். மாட்டுத் தீவனம் போடுகிற சாய்ப்புக் கொட்டகையில் ஒரு கட்டிலில் அக்கா கிடந்தாள். பழைய பழக்கத்தில் என் கண் தானாகத் தேடியது. துவைத்த சேலை. பக்கத்தில் மூடி வைத்த சோறு. உடம்பில் புண் இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

கருப்பையா அன்றைக்கு என் முகத்தைப் பார்த்த அதே பார்வை. வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கமிட்டியையே ஆட்டி வைத்தவள், தன்னைப் பார்க்க வந்தவளை "வாங்க" என்று சொல்ல அனுமதி தேடுகிறாள்.

அந்தம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் அக்கா அவசரமாகக் கேட்டாள். "நர்சம்மா, ஒங்க பொம்பளைக ரூம்ல எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்க்காதவள். "நாளைக்கே வாங்கக்கா" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதாது. பேச்சிகிட்டயும் முத்தம்மாகிட்டயும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

கேட்டேன். பேச்சி, "வரட்டும், பேச்சுத் தொணையாச்சு" என்றாள். முத்தம்மா "வேணாம்" என்றாள்.

"ஏன் முத்தம்மா? நம்ம அக்கா."

"மூணு பேரு வேணாம்."

"சன்னல் ஓரம் ஒனக்குத்தான். அத யாரும் எடுக்க மாட்டாக."

"வேணாம்."

மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். கடையில் பூந்தி வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கேட்டேன். பூந்தியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்றாள். பொறுக்க முடியாமல், "நன்றி கெட்டவளே, அந்தத் தாழ்ப்பாளே அவ வாங்கிக் குடுத்ததுடி!" என்று கத்திவிட்டேன். முத்தம்மா எழுந்து குளியலறைக்குள் போய் அந்தத் தாழ்ப்பாளையே போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். வெளியிலிருந்து திறக்க எனக்குத் தெரியும். திறக்கவில்லை.

கமிட்டிப் பெரியவர், "அதுக்கு என்னம்மா தெரியும்? அதுகிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு! ஜீப்ப அனுப்புறேன், கூட்டியாந்துரு" என்றார். செய்திருக்கலாம். பத்து நாளில் முத்தம்மாவுக்குப் பழகிப் போயிருக்கும். ஜீப்பும் வந்து நின்றது. டிரைவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் தேவாரம் பஸ்சில் ஏறினேன்.

அதுதான் அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது. தம்பி பெண்டாட்டி முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கட்டிலருகே குனிந்து, மென்று விழுங்கிச் சொன்னேன். "பேச்சி சரின்னுட்டாக்கா. முத்தம்மாதான்..."

"என்ன சொல்லுச்சு? அப்படியே சொல்லுங்க."

"மூணு பேரு வேணாம்னு சொன்னா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறக்காமலே, "ஒங்க மொகத்தப் பாத்துட்டுச் சொல்லுச்சா, பாக்காமச் சொல்லுச்சா?" என்று கேட்டாள்.

"பாக்கலக்கா. சன்னலப் பாத்துக்கிட்டே சொன்னா."

மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதோரம் போனது. உதட்டில் சிரிப்பு வந்தது. "அப்ப வீடு நல்லாருக்கு நர்சம்மா."

"கூடத்துல என் பக்கத்துல படுத்துக்கோங்க. ரூமுக்குள்ள போனாத்தானே அவகிட்ட கேக்கணும்?" என்று கெஞ்சினேன்.

"போற வார வழியில கெடக்கவா? அதுக்கு இங்கயே கெடக்கேன்ல." பிறகு, "அதுகிட்ட திரும்பத் திரும்பக் கேக்காதீக. வேணாம்னு சொன்ன பெறகும் கேட்டுக்கிட்டே இருந்தா, அது பிடுங்குறது" என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. முத்தம்மா மேல், தம்பி மேல், அந்தச் சட்டத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன்.

"நர்சம்மா!"

திரும்பினேன். அக்கா தலையை மட்டும் தூக்கியிருந்தாள். கழுத்து நடுங்கியது. தம்பி பெண்டாட்டி இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"போயிட்டு வாங்க" என்றாள், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் "வர்றேன்க்கா" என்றேன். ஐப்பசியில் போகலாம் என்றிருந்தேன். புரட்டாசியிலேயே செய்தி வந்துவிட்டது.